88 லிட்டரிலேயே நின்ற 145 லிட்டர் டேங்க்

டேங்க் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வண்டி 2.8 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். கம்பெனி டேங்க் 80 லிட்டர். ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் அடிலெய்டைச் சுற்றி ஓட்ட அது தாராளம். ஆனால் ஜூலையில் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறோம். மவுண்ட் டேரில் டீசல் போட்டால் அடுத்தது பேர்ட்ஸ்வில்லில்தான். நடுவே சுமார் 500 கி.மீ., ஆயிரத்துக்கும் மேல் மணல்மேடுகள். நெடுஞ்சாலையில் 100 கி.மீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி, டயரில் காற்றை இறக்கி மணல் ஏறும்போது 20 கேட்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். 80 எந்த மூலைக்கு? ஜெர்ரி கேன்களைப் பின்னால் அடுக்கலாம்தான். டீசல் வாடையோடு சோறு தின்ன முடியாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே பழைய டேங்கைக் கழற்றி அதே இடத்தில் 145 லிட்டர் இரும்பு டேங்க்.

மாட்டிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. டீசல் அளவு காட்டும் கேஜின் மிதவை இருக்கும் யூனிட்டின் வளையத்தைத் திருகும் முன் கம்ப்ரஸரால் நன்றாக ஊதிவிடுங்கள். நான் ஊதிய பிறகும் ஒரு கைப்பிடி செம்மண் ஒளிந்திருந்தது. டீசல் லைனின் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கையோடு வந்துவிட்டது. அது தனிச் செலவு. ஃபில்டர் மேலிருக்கும் பிரைமரை (லைனில் டீசலை ஏற்றும் கைபம்ப்) இறுகும்வரை அழுத்தினேன், இரண்டாவது செல்ஃபில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பைக் கேட்காதீர்கள்.

அந்த மிதப்பு பங்க் வரைக்கும்தான். டேங்கில் ஏற்கெனவே 15 லிட்டர். 61 லிட்டர் போனதும் டக்கென்று நாசில் நின்றது. மறுபடி அழுத்தினேன், இரண்டு லிட்டர், டக். மறுபடி ஒன்றரை, டக். பின்னால் ஒரு கேரவன்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பிடிவாதமாக இப்படியே இன்னும் பல தடவை அழுத்த, வாய் வழியாகப் பொங்கிச் சட்டையெல்லாம் டீசல். கூட்டிக் கழித்தால் உள்ளே இருந்தது 88 லிட்டர். இத்தனை பாடுபட்டு எட்டு லிட்டர் லாபம்!

நாசில் முனையில் ஒரு சின்னத் துளை உண்டு. டீசல் பாயும்போது அது காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளையை டீசலோ நுரையோ மூடினால் காற்று தடைப்பட்டு உள்ளே இருக்கும் டயாஃப்ரம் நாசிலை நிறுத்திவிடும். அப்படியானால் டேங்க் நிறையாமலே ஊற்றும் குழாயின் கழுத்துவரை நுரை ஏறுகிறது. மெதுவாக ஊற்றிப் பார்த்தேன். வேறு பங்க்குக்குப் போனேன். நாசிலைத் தலைகீழாகப் பிடித்தேன். டேங்க் அளவையே தப்பாகச் சொல்லி விற்றுவிட்டார்கள் என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

திருச்செங்கோட்டில் சித்தப்பா, போர்வெல் போடும் ரிக் லாரிகளோடேயே வயதானவர். வேறு ஏதோ பேசக் கூப்பிட்டவரிடம் இதைப் புலம்பினேன். “டேங்க் மூச்சு விடுதான்னு பாத்தியா கண்ணு?” என்றார். “புது டேங்க் சித்தப்பா, பிரீதர் எல்லாம் மாட்டியாச்சு.” “மாட்டுனது சரி. மூச்சு விடுதா?” அவ்வளவுதான், பேச்சு தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டது.

பிரீதர் ஹோஸ் என்பது டீசல் ஏறும்போது டேங்க்குக்குள் இருக்கும் காற்று வெளியேறும் குழாய். டேங்க்கோடு வந்தது தேவைக்கு மேல் நீளம். சேஸிஸ் மேலேறி, வளைந்து, கொஞ்சம் தொங்கி, மறுபடி ஏறிக் கழுத்துக்குப் போகிறது. ஒரு நாளைக்கு மட்டும் அதைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாயை அதே வழியில் மாட்டினேன். (டீசலில் அந்தக் குழாய் விறைத்துப்போகும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.) டீசல் ஊற்றியதும் தொங்கலில் அரை டம்ளர் டீசல் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து வரும் காற்று அதைத் தாண்ட முடியாமல் குடுகுடுவென்று கொப்புளிக்கிறது. வெளியேற வழியில்லாத காற்று ஊற்றும் குழாய் வழியே திரும்பி வந்து நுரையைக் கிளப்புகிறது. அந்தக் குழாயைப் பார்த்தபடி கராஜ் தரையில் கால் மணி நேரம் படுத்திருந்தேன்.

பார்த்தது எளிது, சரிசெய்ததுதான் பாடு. முதலில் 12 செ.மீ. வெட்டினேன். தொங்கல் போயிற்று, ஆனால் வளைவில் ஹோஸ் மடிந்து அதைவிட மோசம். அடுத்து கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். வண்டி குலுங்கிய இரண்டே நாளில் பழைய தொங்கல். கடைசியில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே 16 மி.மீ. உள்விட்ட எரிபொருள் ஹோஸும், வார்ப்பிலேயே வளைந்த முழங்கையும், துரு ஏறாத கிளாம்பும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. நாலுசக்கர வண்டிச் சாமான் கடைகளில் இதே சரக்கை அரைகுறையாக வைத்துக்கொண்டு கூடுதல் விலை சொல்கிறார்கள். இனி ஹோஸ் என்றால் எனக்குப் படகுக் கடைதான்.

புது வழி இதுதான்: டேங்கிலிருந்து கிளம்பிய இடத்திலேயே முழங்கை. அங்கிருந்து கழுத்துவரை ஏற்றம், ஏற்றம் மட்டும். ஒரு விரல்கடை கூட இறக்கம் கிடையாது. 15 செ.மீட்டருக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப். மாட்டிய பிறகு மேல் முனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். குடுகுடு சத்தம் இல்லை.

நேற்று டேங்கில் சுமார் 8 லிட்டர் இருக்கும்போது பங்க்குக்குப் போனேன். 50, 61, 70. அறுபத்தொன்றைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது நான்தான். 129-இல் முதல் டக். நிரப்பும் வாய் இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரி நடைபாதை ஓரத்தில் ஏற்றி நிறுத்தியதும் இன்னும் 5 போயிற்று. மொத்தம் 142. மீதி மூன்று லிட்டருக்காக நான் யாரோடும் சண்டை போடப்போவதில்லை.

அடுத்து கேஜ். பழைய மிதவையே என்பதால் முள் எஃப்-ஐ விட்டு நகரவே மாட்டேன் என்கிறது, அப்புறம் ஒரேயடியாகச் சரிகிறது. இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று காட்டும் எண் 80 லிட்டரை நினைத்துக்கொண்டு கதை சொல்கிறது. பத்துப் பத்து லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். பாதிவரை குறித்திருக்கிறேன். கூடுதல் டீசல் மட்டுமே 55 கிலோ வரும், தண்ணீரும் கூடாரமும் சேர்ந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதனால் பின் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் விலை விசாரித்தாயிற்று, கேஜ் வேலை முடியும் முன்பே.

இன்று காலை வண்டிக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் ஒரு சொட்டு. ஊற்றும் குழாயின் கீழ்க் கிளாம்ப் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மறுபடி அடியில் படுக்க வேண்டும்.