இந்தியா கேட்ல பேர் இல்லாதவங்க

டெல்லி போனா இந்தியா கேட் பாக்காம யாரும் திரும்ப மாட்டாங்க, ஆனா மேல என்ன எழுதியிருக்குன்னு நின்னு படிக்கிறவங்க ரொம்ப கம்மி. இந்த தடவை ஆர்.கே.புரம் சித்தப்பா வீட்ல தங்கினேன், ஆர்மில இருந்து ரிட்டயர் ஆனவர், காலைல மலை மந்திர்ல முருகனை கும்பிட்டுட்டு அப்படியே ரெண்டு பேரும் ஆட்டோ புடிச்சு போயிட்டோம்.

42 மீட்டர் உசரம், 1931ல திறந்தது. இந்தியான்னு பெருசா செதுக்கின எழுத்துக்குக் கீழ பிரான்ஸ், பிளாண்டர்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கான்னு நம்ம ஆளுங்க போய் செத்த இடமா வரிசையா வருது. நான் பாக்கணும்னு வந்ததே அந்த பிளாண்டர்ஸுக்காகத்தான், பெல்ஜியம் பக்கத்துப் பகுதி அது. நம்மூர்ல மொத உலகப் போர்னா மெட்ராஸ் மேல எம்டன் குண்டு போட்டதோட கதை முடிஞ்சிடும். பெல்ஜியத்துல ஈப்ரங்கற ஊர் பக்கத்துல நம்ம சிப்பாய்ங்க விஷவாயுல நின்னது யாருக்கும் தெரியல.

1915 ஏப்ரல் 22 சாயங்காலம் ஜெர்மன்காரங்க 5 ஆயிரத்துக்கும் மேல சிலிண்டரை திறந்து விட்டாங்க. குளோரின், 150 டன்னுக்கு மேல. மஞ்சளும் பச்சையுமா தரையை ஒட்டியே வந்திருக்கு, காத்தை விட கனம்ங்கறதால பதுங்கு குழிக்குள்ள தண்ணி மாதிரி இறங்கிடும். உள்ள இழுத்தா நுரையீரல் ஈரத்தோட சேர்ந்து ஆசிட் ஆகி, நீர் கோத்துகிட்டு, மூச்சு விட முடியாம திணறித் திணறி சாவாங்க. கையில மாஸ்க்னு ஒண்ணும் கிடையாது. ரெண்டு நாள் கழிச்சு கனடா சிப்பாய்ங்க துணியை மூத்திரத்துல நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு நின்னாங்க, அது கொஞ்சம் காப்பாத்தவும் செஞ்சுது.

ஓடினவங்களுக்குத்தான் பாதிப்பு ஜாஸ்தியாம், மேகம் போற பக்கமே ஓடுறதால கூடவே வரும், ஓடுறதுல மூச்சு வேற வாங்கும். குழிக்குள்ள குப்புற படுத்தவங்களுக்கும் அப்படித்தான். எழுந்து நின்ன இடத்துலயே நின்னவங்க பொழைக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஆனா எழுந்து நின்னா குண்டு. இதை நான் சொன்னப்ப சித்தப்பா அவர் ட்ரெய்னிங்கை சொன்னாரு, கூடாரத்துக்குள்ள கண்ணீர்ப்புகை போட்டு மாஸ்க்கை கழட்டச் சொல்லுவாங்களாம், "கொஞ்ச நேரந்தான்டா, மூக்கு, கண்ணு, வாய் எல்லாம் ஒழுகி, எங்கடா வாசல்னு கை தன்னால தேடும், வெளிய டாக்டர் நிக்கிறாருன்னு தெரிஞ்சும் அப்படி" ன்னாரு. அவங்களுக்கு வாசலே இல்லையேன்னு தோணிச்சு எனக்கு.

நம்ம ஆளுங்க இருந்த லாகூர் டிவிஷன்ங்கற படையை அவசரமா நடக்க வெச்சு கூட்டிட்டு வந்து ஏப்ரல் 26 மதியம் ரெண்டு மணி வாக்குல திறந்த மேட்டுல ஏறி அடிங்கன்னு அனுப்பினாங்க. சீக்கியர், பட்டாணியர், பலூச் ரெஜிமென்ட் எல்லாம். எதிர்ல மெஷின் கன், அதுக்கு மேல வாயுவையும் திறந்தாங்க. மீர் தஸ்த்னு ஒரு ஜமேதார், அதாவது கீழ்நிலை இந்திய அதிகாரி, தன் ரெஜிமென்ட்ல வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் கூட மிச்சம் இல்லாதப்ப, சிதறிப் போன ஆளுங்களை ஒண்ணு சேர்த்து, பின்வாங்கச் சொல்லி ஆர்டர் வர்ற வரைக்கும் வெச்சிருந்தாரு. அப்புறம் குண்டு மழைல 8 அதிகாரிகளை தூக்கிட்டு வர கை கொடுத்தாரு. அவரையும் வாயு தாக்கியிருந்துச்சு. பிரிட்டிஷ் ராணுவத்தோட பெரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தாங்க, இங்கிலாந்துல பிரைட்டன் ஆஸ்பத்திரில இருந்தப்ப ராஜாவே வந்து அதை சட்டைல குத்தி விட்டாரு. அந்தப் பதக்கத்தை விட அந்த உடம்போட அவர் அங்கயே நின்னதுதான் எனக்குப் பெருசு.

இந்தியா கேட் சுவர்ல 13 ஆயிரத்துக்கும் மேல பேர் இருக்கு, ஆனா அது பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலயும் ஆப்கன் சண்டையிலயும் போனவங்க பேர். ஈப்ரல செத்தும் உடல் கிடைக்காத நம்ம ஆளுங்க 400க்கும் மேற்பட்டவங்க பேர் அந்த ஊர்ல மெனின் கேட்ங்கற போர் நினைவு வாசல்ல இருக்கு. வாயுவை குடிச்சும் பொழைச்சு ஊர் திரும்பி, காலம் பூரா இருமிக்கிட்டே கெடந்தவங்க பேர் ரெண்டு சுவர்லயும் கிடையாது, செத்தவங்களுக்குத்தானே கல்லு. இது எனக்கு ரொம்ப வலிச்சுது, சித்தப்பாகிட்ட சொன்னேன், அவர் பதிலே சொல்லாம மேல பாத்து அந்த ஊர்ப் பேர்களை ஒண்ணொண்ணா சத்தமா படிச்சாரு, பக்கத்துல போட்டோ எடுத்துகிட்டிருந்த திருநெல்வேலி குடும்பம் என்னன்னு வந்து கேட்டுச்சு, அவங்களுக்கும் முழுக்கதையும் சொன்னோம்.

போறவங்க காலைலயே போங்க, சாயங்காலக் கூட்டத்துல நின்னு படிக்க விட மாட்டாங்க. எழுத்து ரொம்ப உசரத்துல இருக்கு, போன் கேமராவை ஜூம் பண்ணினா தெளிவா தெரியும்.