ஸ்பாட் என்றால் இடம் மட்டுமா? தேர்வில் கவிழ்க்கும் ஒரு சின்னச் சொல்

ஷூட்டிங் ஸ்பாட், ஸ்பாட் ஃபைன், ஸ்பாட் அட்மிஷன் என்று நாள்தோறும் புழங்குகிற சொல். எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளில் இதில் மதிப்பெண் போவதற்குக் காரணமும் அந்தப் பழக்கம்தான். கேள்வியில் 'ஸ்பாட்' கண்ணில் பட்டதும் கை தானாக 'இடம்' என்ற விடைக்குப் போய்விடும். எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். ஒவ்வொரு தவறுக்கும் 0.50 கழியும். (விபத்துச் செய்திகளில் வரும் 'ஸ்பாட் அவுட்' நாமே உண்டாக்கியது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அதை எழுதிவிடாதீர்கள். 'டைட் ஆன் தி ஸ்பாட்' என்பதே சரி.)

அகராதியில் இருக்கும் பத்துப் பொருளையும் வரிசையாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் எதுவும் கைகொடுக்காது. வெள்ளைச் சட்டையில் தெறித்த ஒரு குழம்புத் துளியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறியது, சுற்றியுள்ள துணியிலிருந்து வேறுபட்டுத் தெரிவது. மற்ற பொருள்களை இந்தத் துளியோடு கோத்துவிடலாம்.

முதலில் கறை, புள்ளி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் முகப்பருவும் ஸ்பாட்தான். சூரியனின் கரும்புள்ளியும் ஸ்பாட்தான். சுற்றுப்பரப்பைவிட வெப்பம் குறைந்திருப்பதால் அது கருப்பாகத் தெரிகிறது. ஒருபொருட்சொல் கேள்வியில் 'ஸ்டெயின்', 'பிளாட்', 'ஸ்மட்ஜ்' மூன்றும் பக்கத்தில் நிற்கும். துணியில் ஊறிப் பிடித்த கறை ஸ்டெயின், மை கொட்டிய கறை பிளாட், கை பட்டு இழுபட்டது ஸ்மட்ஜ். 'ஸ்பாட்லெஸ்' என்றால் அப்பழுக்கற்ற. அதற்கு எதிர்ச்சொல் 'ஸ்பாட்டி' என்று குறித்துவிடுகிறார்கள். ஆனால் 'ஸ்பாட்டி அட்டெண்டன்ஸ்' என்பது ஒழுங்கில்லாத வருகை, ஒருநாள் வந்து இரண்டு நாள் மட்டம் போடுவது.

துளி விழுந்த அந்தப் புள்ளியே இடமாகிறது. கால்பந்தில் கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில் இருப்பது பெனால்ட்டி ஸ்பாட். இடத்திலிருந்து நேரத்துக்கும் தாவுகிறது: 'ஆன் தி ஸ்பாட்' என்றால் அங்கேயே, அப்போதே. ஸ்பாட் செக் (திடீர்ச் சோதனை), ஸ்பாட் ரேட் (உடனடி விலை) எல்லாம் இந்த வழி வந்தவை. வங்கித் தேர்வு எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்நியச் செலாவணியில் 'ஸ்பாட்' என்றாலும் பெரும்பாலான நாணயங்களுக்குப் பணம் கைமாறுவது இரண்டு வேலைநாள் கழித்துத்தான். கிரிக்கெட்டின் ஸ்பாட் ஃபிக்சிங்கில் விலை பேசப்படுவது ஆட்டத்தின் முடிவல்ல; ஒரு நோ-பாலோ, ஓர் ஓவரோ.

மிக அதிகமாகச் சறுக்குவது முன்னிடைச்சொற்களில் ('ஆன்', 'இன்', 'ஃபார்' போன்றவை). 'புட் சம்ஒன் ஆன் தி ஸ்பாட்' என்றால் பதில் சொல்ல முடியாதபடி திடீரென்று கேட்டுத் திணறடிப்பது. 'இன் எ ஸ்பாட்', 'இன் எ டைட் ஸ்பாட்' இரண்டும் இக்கட்டில் மாட்டிக்கொள்வது. 'சாஃப்ட் ஸ்பாட்' (தனிப் பிரியம்) வந்தால் பின்னால் 'ஃபார்'. 'ஆன்', 'டு' வராது. 'ஸ்பாட் ஆன்' என்று திருப்பிப் போட்டால் துல்லியமாகச் சரி என்று பொருள். 'ஹிட் தி ஸ்பாட்' பசிக்குச் சாப்பாடு கச்சிதமாக அமைந்தபோது சொல்வது. 'எ ஸ்பாட் ஆஃப் லன்ச்' என்பதில் இடமும் இல்லை, கறையும் இல்லை, கொஞ்சம் சாப்பாடு.

வினைச்சொல்லாக வந்தால், கூட்டத்தில் வேறுபட்டதைக் கண்டுபிடிப்பது. பிழை கண்டுபிடிக்கும் பகுதிக்கே 'ஸ்பாட் தி எரர்' என்றுதான் பெயர். அதிலேயே இந்தச் சொல்லை வைத்து மடக்க முடியும். இறந்தகாலத்தில் 'டி' (t) எழுத்து இரட்டிக்கும். 'வாஸ் சீன் டு என்டர்' சரி. அதைப் பார்த்து 'வாஸ் ஸ்பாட்டட் டு என்டர்' என்று எழுதினால் தவறு. 'வாஸ் ஸ்பாட்டட் என்டரிங்' என்றே வர வேண்டும். அமெரிக்கப் பேச்சில் 'ஸ்பாட் மீ டென் டாலர்ஸ்' என்றால் பத்து டாலர் கைமாற்றுக் கேட்கிறார்.

படிக்கும் முறை: நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து மூன்று கிளைகள்: கறை, இடம், கண்டுபிடித்தல். எந்தத் தொடரையும் தனிச்சொல்லாக எழுதாமல் முன்னும் பின்னும் வரும் சொற்களோடு எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என மூன்று முறை தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து ஆங்கிலத் தொடரைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது சுலபம். கோடிட்ட இடத்தில் 'ஆன்' வருமா 'இன்' வருமா என்று நிற்கும்போது அந்தப் பயிற்சி உதவாது. தேர்வில் விடைகளைப் படிக்கும் முன் ஸ்பாட்டுக்கு இடப்பக்கச் சொல்லைப் பாருங்கள். 'ஆன் தி' இருந்து அதற்கு முன்னால் 'புட்' இல்லையென்றால் உடனடி. 'புட்' இருந்தால் திணறல்.