மலைமேல் முகவரி

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கடிதமோ பார்சலோ அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெயரைச் சுருக்கி "ஏற்காடு - 636601" என்று முடித்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்குள் ஒரு ஊர் மட்டும் இல்லை. ஏரிக்கரை, கடைவீதி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் போக, காப்பித் தோட்டங்களுக்கு நடுவிலும் சரிவிலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களும் அதற்குள்தான் வருகின்றன. அதில் ஒன்றில்தான் என் அம்மா இருக்கிறார். நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், கூடவே புதுச்சேரியும் லட்சத்தீவும். முதல் மூன்று எண்கள் கடிதம் எந்த வட்டாரத்தில் பிரிக்கப்படும் என்பதைச் சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு. 636 என்றதும் சேலம் மாவட்டம் என்று நினைப்போம். ஆனால் தருமபுரி 636701. அது சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல், பின்கோடு வருவதற்கு முன்பே. அதே சமயம் சேலம் மாவட்டத்துச் சங்ககிரிக்கு 637301, எடப்பாடிக்கு 637101. வருவாய்த்துறையின் எல்லைக்கோடு வேறு, தபால் பை போகும் தடம் வேறு.

மலைக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அடிவாரப் பக்கம் கன்னங்குறிச்சி 636008. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை தெரிகிறது. எண்ணோ எட்டிலிருந்து அறுநூற்று ஒன்றுக்குத் தாவிவிடுகிறது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றம்.

மலையாளி என்னும் பழங்குடி மக்களான எங்களுக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல) பின்கோடுக்கு வெகுகாலம் முந்திய கணக்கு ஒன்று உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைச் சேல நாடு, முட்ட நாடு, மோக நாடு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். பெரியவர்களிடம் ஓர் ஊரைப் பற்றிக் கேட்டால் எந்த நாடு, எந்தப் பங்காளிகள், எந்தக் கோயில் என்றுதான் ஆரம்பிப்பார்கள். படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஆனால் தபால் கொண்டுவரும் அண்ணனுக்கு அது தெரியும். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில், "கோயில் மேட்டு வீடு" என்று ஒரு வார்த்தை இருந்தால் அவருக்குப் போதும்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு அனுப்பிய மூட்டுவலி மருந்து ஒரு தனியார் கூரியரில் போய், ஏற்காட்டிலிருந்து அப்படியே திரும்பிவிட்டது. வரைபடத்தில் பக்கத்துச் சரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். போனால் ஓடையைச் சுற்றிக்கொண்டு வேறு சாலையில் இறங்கி ஏற வேண்டும். அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின், ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒரு குறியீடு தருகிறது. வீட்டு எண்ணே இல்லாத எங்கள் ஊர்களுக்கு அது பெரிய உதவி, மனதார வரவேற்கிறேன். ஆனாலும் அது அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வைத்து எழுதியது. உயரமும் பாதையும் அதில் இல்லை.

அதனால் இப்படி எழுதுங்கள்: பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு அடையாளம், சிற்றூர், கிளை அஞ்சலகம், "ஏற்காடு வழி", பிறகு பின்கோடு. கிளை அஞ்சலகத்தின் பெயரை மட்டும் விடவே விடாதீர்கள். கிளைகளுக்குத் தனி எண் கிடையாது, மேலே இருக்கும் அஞ்சலகத்தின் எண்தான் அவற்றுக்கும். பை எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதை அந்தப் பெயர்தான் சொல்லும்.

ஊர்ப்பலகையிலேயே கிளை அஞ்சலகத்தின் பெயரையும் பின்கோடையும் எழுதச் சொல்லி எங்கள் பஞ்சாயத்தில் கேட்டிருக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு அம்மாவோடு போய் மறுபடியும் கேட்பேன்.