கையில் ஒரு சீட்டு: பாம்பன் தடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 15, 2025, செவ்வாய்

இன்று தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுகள் வரிசையாக நிற்கின்றன. இனி பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும்தான் வேலை.

பாசி எடுக்கும் எங்கள் பெண்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. அவர்கள் படகில் வலை இழுப்பவர்கள் அல்ல. மூச்சடக்கி முங்கி, பாறையில் இருக்கும் பாசியைக் கையால் பிடுங்குகிறவர்கள். இருந்தாலும் பாசி தழைக்கட்டும் என்று இதே சமயத்தில் 45 நாள் அவர்களும் கடலில் இறங்குவதில்லை. மற்ற மாதங்களிலும் 12 நாள்தான் இறங்குவார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமல்ல, அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது. சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. எனக்கு அந்தப் பரிசைவிட இந்த 12 நாள் கணக்கு பெரிதாகப் படுகிறது.

பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கம்பெனி அலுவலகத்தில் இன்று எடை மேடை காலி. இந்த இரண்டு மாதத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதற்காகவே மறுபடி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்தால் 1990 ஜூனுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அப்போது எனக்குப் பதினாறு வயது. இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, மன்னார்ப் பக்கத்து ஜனங்கள் படகு படகாக வந்துகொண்டிருந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் கரை வரை வரப் பயந்த படகோட்டிகள் சிலர் பாதி வழியில் மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் அப்பா வத்தையில் போய் இரண்டு முறை ஆட்களை ஏற்றி வந்தார். அம்மா பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பெயர், ஊர், வயது, கூட வந்தவர் எத்தனை பேர். நாள் முழுக்க எழுதினேன். ஒரு வயதான அம்மா எழுதி முடித்த பிறகும் நகரவில்லை. "பிள்ளை, என்ர பேர் எழுதின துண்டு எனக்கும் ஒண்டு தாரும்" என்றார்.

ஏன் கேட்கிறார் என்று அன்று புரியவில்லை. பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அதே விவரத்தை எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். வீடு, கிணறு, பனைமரம் எல்லாம் அந்தக் கரையில் போய்விட்டது. இந்தக் கரையில் அவர் யார் என்று சொல்ல இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் மண்டபம் முகாமிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். 2021இல் இருந்து அரசு அதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று சொல்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் 'கேம்ப்'தான்.

அவள் தாய் தகப்பன் 1984இல் வந்தவர்கள். அவள் 1986இல் முகாமில் பிறந்தவள். மாவு வந்த பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் பிறப்புச் சான்றிதழ். அவளுடைய அம்மா மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார், இப்போது படுக்கையில் இருக்கிறார். "ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வரணும் அக்கா. பாஸ்போர்ட் கேட்டா நீ அகதிதானே என்று சொல்லுறாங்கள்" என்றாள்.

நான் சான்றிதழில் தேதியை இரண்டு முறை பார்த்தேன். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன் என்கிறது. அயல்நாட்டுத் தூதரின் பிள்ளை, எதிரியின் பிடியிலிருந்த இடத்தில் பிறந்த எதிரி நாட்டவரின் பிள்ளை என்று சில விலக்குகள்தான் உண்டு. பெற்றோர் அகதியா என்று அந்தக் காலத்துப் பிறப்புக்குச் சட்டம் கேட்கவே இல்லை. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லி, இதே மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. நாற்பது வருடமாக இந்தப் பெண் தன்னை அகதி என்று நினைத்துக்கொண்டு, குடிமகள் என்பதற்கான தாளை மாவுப் பையில் வைத்திருக்கிறாள்.

"நீங்களே வழக்குப் போட்டுத் தாங்கோ அக்கா" என்றாள்.

என்னால் முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. கம்பெனியின் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை ஏற்ற 2017லேயே பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து, வக்கீல் தொழில் செய்வதற்கான என் சன்னதை நிறுத்தி வைத்துவிட்டேன். மதுரையில் இருக்கும் தோழியின் எண்ணைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் முகம் வாடிவிட்டது. "தெரியாதவங்களிட்ட இந்தப் பேப்பரைக் குடுக்கப் பயமா இருக்கு."

சாயங்காலம் வரை வேறு வேலை ஓடவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காற்று அசையவில்லை. தென்கடல்கூட வடகடல் மாதிரி குளம்போலக் கிடக்கிறது. எப்போதும் அலையடிப்பதால் ஆண் கடல் என்று பெயர் வாங்கிய கடல் இது.

மே 6, செவ்வாய்

நான் ஏன் வக்கீல் ஆனேன் என்று இளம்பெண்கள் கேட்பதுண்டு. நாகப்பட்டினம்தான் பதில்.

2004 டிசம்பர் 26இல் எங்கள் கரையில் சேதம் குறைவு. இலங்கை குறுக்கே நின்று அலையை வாங்கிக்கொண்டது. நாகப்பட்டினத்தை அப்படி எதுவும் மறைக்கவில்லை. அப்போது நான் ஒரு நிவாரண அமைப்பில் வேலை பார்த்தேன். மூன்றாம் நாளே அங்கே போய்விட்டோம்.

நிவாரண வேலைக்கு உலகம் முழுக்க 'ஸ்ஃபியர்' என்று ஒரு அளவுகோல் உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீராவது வேண்டும். படுக்க, உட்காரத் தலைக்கு 3.5 சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்கள் உள்ளே தாழ் போடுகிற மாதிரி. இதெல்லாம் வெறும் எண் என்று நினைப்பவர்கள், தாழ் இல்லாத கழிப்பறைக்கு இருட்டும் வரை போகாமல் காத்திருக்கும் பெண்ணைப் பார்த்ததில்லை. நான் அளவு நாடாவோடு கொட்டகை கொட்டகையாகப் போனேன். ஒரு வாரம் தாழ்ப்பாள் வாங்கி மாட்டுவதே என் வேலை. இன்றும் என் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் இழப்புப் பட்டியல் வந்தபோது நான் உடைந்துபோனேன். படகு, இன்ஜின், வலை என்று பத்திகள் பிரித்திருந்தார்கள். எல்லாம் ஆண்களின் பெயரில். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்று, நாலு பிள்ளைகளை வளர்த்த பெண்களுக்கு அந்தப் பட்டியலில் பத்தியே இல்லை. கூடை, அலுமினியச் சட்டி, தராசு, கந்துவட்டிக்கு வாங்கிய முதல் எல்லாமே போயிருந்தது. "நாங்க என்னத்தையம்மா இழந்தோம்னு எழுதுவீங்க?" என்று ஒரு ஆத்தா கேட்டார். நான் எங்கள் அமைப்புப் பட்டியலில் ஒரு பத்தி கூட்டி எழுதினேன். மேலே இருந்தவர்கள் படிவம் அப்படி இல்லை என்று அடித்துவிட்டார்கள்.

அரிசி கொடுக்க என்னால் முடிந்தது. பத்தி கூட்ட முடியவில்லை. படிவத்தில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் வாதாட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வருடமே மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பில் சேர்ந்தேன். முப்பத்தொரு வயது, கைக்குழந்தை வேறு. அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள்.

மே 7, புதன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. வக்கீலாக ஒன்பது வருடம் ராமநாதபுரத்தில் நான் நடத்தியவை பெரிய வழக்குகள் அல்ல. ஜீவனாம்சம், பட்டா, காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஜெயித்த வழக்குகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய தாள்தான் ஜெயித்தது. ரேஷன் கார்டின் கிழிந்த பக்கம், பள்ளிக்கூட டி.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு. நியாயம் இருந்தும் தாள் இல்லாதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. மதுரையிலிருந்து பாசி வாங்குகிறவர் போன் செய்தார். பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் அங்கேதான் அதிகம். மரிக்கொழுந்துப் பாசி உடனே வேண்டுமாம், வழக்கத்தைவிட நல்ல விலை தருகிறாராம், தடைக்காலத்திலும் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்களேன் என்றார். பெண்களைக் கூட்டிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "வேரோட புடுங்குனா அடுத்த வருசம் என்னத்தை விப்போம்?" என்றார் பெரிய மதினி. வியாபாரம் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

மே 20, செவ்வாய்

இன்று நிர்வாகக் குழுக் கூட்டம். விலகப்போவதாகச் சொல்லிவிட்டேன்.

கம்பெனி எப்படி வந்தது என்பதை எழுதாமல் இதை விளக்க முடியாது. வக்கீலாக இருந்தபோது பாசி எடுக்கும் பெண்கள் கடன் பிரச்சினையோடு வருவார்கள். முன்பணம் கொடுத்தவரிடமே பாசியைப் போட வேண்டும். ஈரம், மண், கழிவு என்று சொல்லி எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்பதற்கு எழுத்து கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் காலையெல்லாம் நின்று, விரலில் சுற்றிய துணி கிழிந்து, பாறை அறுத்த கையோடு வரும் பெண்ணுக்குத் தான் கொண்டுவந்தது எத்தனை கிலோ என்றே தெரியாது. இதை எந்தக் கோர்ட்டில் போட? ஆதாரம் என்று ஒரு துண்டுகூட இல்லையே.

அதனால் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கினோம். உற்பத்தி செய்கிற பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தில் மிஞ்சுவதைக் கொடுத்த சரக்குக்கு ஏற்பப் பிரிக்கலாம். முதல் செலவாக எலெக்ட்ரானிக் தராசும், சீட்டு அச்சடிக்கும் சின்ன மிஷினும் வாங்கினோம். எண் தெரியும் பக்கம் பெண்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். முதல் நாள் ஒரு சின்னம்மா சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாலாக மடித்தார்.

எனக்கு உடனே 1990 ஞாபகம் வந்தது.

சரி, இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். "நீங்க போயிட்டா பேங்குல யாரு பேசுவா அக்கா?" என்று முதலில் கேட்டார்கள். எங்களில் ஒருத்தியே தலைமைச் செயல் அலுவலராக இருக்கட்டும் என்று அப்புறம் சொன்னார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அந்தப் பதவிக்கு உறுப்பினர் அல்லாத ஒருவரைத்தான் நியமிக்க வேண்டும். முழுநேரமாக இருக்க வேண்டும். விதியைப் படித்துக் காட்டினேன். எனக்கே இந்த விதி உவப்பானதல்ல. உழைக்கிறவள் ஓட்டுப் போடலாம், நாற்காலியில் உட்கார முடியாது என்பது என்ன நியாயம்?

பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "என் மக உறுப்பினர் இல்லையே?"

அவர் மகள் பி.காம். முடித்து இரண்டு வருடமாக எங்கள் கணக்கைப் பார்க்கிறாள். இருபத்தாறு வயது. சின்ன வயதில் அம்மாவோடு கடலில் இறங்கியவள், எந்தப் பாசி எந்தப் பாறையில் என்று தெரியும். வங்கி மேலாளரிடம் என்னைவிடச் சத்தமாகப் பேசுவாள். அம்மா நிர்வாகக் குழுவில் இல்லை, சாதாரண உறுப்பினர்தான். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மற்றவர்கள் பேசினோம். மூன்று மாதம் கூட இருந்து கற்றுக்கொள்ளட்டும், பிறகு நியமிப்போம் என்று குழு முடிவு செய்தது. நான் கை தூக்கவில்லை.

மே 30, வெள்ளி

45 நாள் முடிந்து பெண்கள் இன்று கடலில் இறங்கினார்கள். கச்சான் காற்று எழும்பிவிட்டது, தென்பக்கம் அலை பெரிது. வடபக்கம்தான் போனார்கள். பாசி நன்றாகத் தழைத்திருக்கிறதாம்.

ஜூன் 11, புதன்

எடை மேடையில் ஒரு தகராறு. ஒரு மதினியின் மூட்டையில் மண் அதிகம். என் இடத்துக்கு வரப்போகும் அந்த பி.காம். பெண் சீட்டில் கழிவு இரண்டு கிலோ என்று போட்டாள். மதினி கத்தினார், "உங்க அம்மாவோட கடலுக்கு வந்தவ நான்!" என்றார். எழுந்து போய்ச் சமாதானம் செய்யலாமா என்று கால் துடித்தது. போகவில்லை. அவள் சாக்கைத் தரையில் கொட்டி, மண்ணை அலசித் தனியாக எடை போட்டுக் காட்டினாள். ஒன்றே முக்கால் கிலோ. சீட்டைக் கிழித்து வேறு சீட்டு போட்டாள். "கால் கிலோ என் தப்பு சின்னம்மா" என்றாள்.

ஜூன் 14, சனி

நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் லாரிகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. டீசல் வாசனை தெரு வரை வருகிறது.

விலகல் கடிதத்தைத் தலைவியிடம் கொடுத்தேன், ஆகஸ்ட் கடைசி வரை இருப்பேன். விலகியதும் சன்னதை மறுபடி நடைமுறைப்படுத்தக் கேட்டுப் பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டிய மனுவையும் எழுதி வைத்துவிட்டேன். அதுவரை அந்த முகாம் பெண்ணின் வழக்கு காத்திருக்கக் கூடாது. அவள் அம்மாவால் காத்திருக்க முடியாது. அதனால் இன்று பாம்பனுக்கு வந்திருந்த அவளோடு நானே மதுரைக்குப் போனேன். புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தபடியே வந்தாள். தோழி வக்காலத்தில் கையெழுத்து வாங்கினாள். ரிட் மனுவுக்கான குறிப்புகளை நான் எழுதிக் கொடுத்தேன்.

சான்றிதழின் நகல் எடுத்ததும் அசலை அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் தயங்கி, "இது உங்களிட்ட இருக்கட்டுமே அக்கா, பத்திரமா இருக்கும்" என்றாள்.

"வேண்டாம். இது உன்னுடையது. வழக்குக்கு நகல் போதும்."

திரும்பி வரும்போது ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கி, சாதாரண பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாவுப் பையை அவள் தூக்கிப் போடவில்லை. சான்றிதழைப் பையில் போட்டு, பையை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள்.