கால் பங்கு நிலத்தை யார் அளந்தது?

முதுகலை வரலாறு மூன்றாம் பருவத்தில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டபோது, பர்மாவில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய வட்டித் தொழில் என்று எழுதிக் கொடுத்தேன். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, தெருவிலுள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை என்று கேட்டு வளர்ந்தவனுக்கு ஆதாரத்துக்கா பஞ்சம் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. பத்து நாளில் முதல் வரைவை முடித்தேன். நெறியாளர் அதைத் திருப்பித் தந்தபோது இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது: 'பர்மாவின் நிலத்தில் கால் பங்கு நகரத்தார் கையில் இருந்தது.' ஓரத்தில், 'யார் அளந்தது?' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களுக்கு விடை தேட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்த வரியை நான் ஓர் ஆண்டுவிழா மலரிலிருந்து எடுத்திருந்தேன். மலரில் அதற்கு அடிக்குறிப்பு எதுவும் இல்லை. சரி, நூலகத்தில் இதே செய்தியைச் சொல்லும் நல்ல புத்தகம் ஒன்றைப் பிடித்து மேற்கோள் காட்டிவிட்டால் போதும் என்று எண்ணிப் போனேன். கணினி அட்டவணையில் 'நாட்டுக்கோட்டை' என்று ஆங்கிலத்தில் தட்டியதும் மூன்றே மூன்று புத்தகங்கள் வந்தன. நூலகர் என் திரையை எட்டிப் பார்த்து, ஒரு 'கே' எழுத்துப் போட்டும் இரண்டு 'கே' போட்டும் தேடச் சொன்னார். செட்டி, செட்டியார், நகரத்தார் என்று தனித்தனியாகவும் தேடச் சொன்னார். பர்மாவில் அச்சான பழைய ஆவணங்கள் பலவற்றில் 'செட்டியார்' என்பதன் நடுவில் 'ஐ' எழுத்துக்குப் பதிலாக 'ஒய்' எழுத்து இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். மூன்று பதினேழாயிற்று. ஒரே சமூகத்தின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்தவர்கள் மீது அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அந்தப் பதினேழும் ஓரிடத்தில் இல்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் சாதி, சமூகம் பற்றியவை 305இலும், வங்கியும் கடனும் 332இலும், தமிழ்நாட்டு வரலாறு 954.82இலும், பர்மா வரலாறு 959.1இலும் நிற்கும். என் தலைப்பு இந்த நான்கு அடுக்குகளிலும் கால் வைத்திருந்தது. அட்டவணையில் கிடைத்த எண்ணை எழுதிக்கொண்டு அலமாரிக்குப் போனபிறகு, தேடிய புத்தகத்தோடு நில்லாமல் அதன் இரு பக்கத்திலும் இருந்தவற்றையும் எடுத்துப் பின்பக்கப் பொருளகராதியைப் புரட்டும் வழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது. அட்டவணையில் எந்தச் சொல்லைத் தட்டியும் சிக்காத பர்மா வேளாண்மை பற்றிய ஒரு நூல் அப்படித்தான் கைக்கு வந்தது.

கால் பங்கு என்ற செய்தி ஐந்து நூல்களில் இருந்தது. ஐந்து சாட்சி கிடைத்த மகிழ்ச்சியில் ஐந்தின் அடிக்குறிப்புகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எது எதிலிருந்து எடுத்தது என்று கோடிழுத்துக்கொண்டே போனேன். இரண்டு நூல்கள் மூன்றாவதைக் காட்டின, மூன்றாவது நான்காவதைக் காட்டியது, நான்காவது ஒரே ஓர் அரசாங்க ஆவணத்தைக் காட்டியது. ஐந்தாவது எதையும் காட்டவில்லை. ஆக, நான் ஐந்தாக எண்ணியது ஒரே சாட்சி. ஒருவர் சொன்னதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஆவணம் 1930களின் இறுதியில் பர்மா அரசு அமைத்த நிலம், வேளாண்மைக் குழுவின் அறிக்கை. அதன் அட்டவணை சொல்வது வேறு. பர்மா முழுவதையும் அது பேசவில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களை மட்டுமே பேசுகிறது. அந்த மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்கு. இடையில் நடந்தது உலகப் பொருளாதாரப் பெருமந்தம். நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய உழவர்களால் பணமாகத் திருப்ப முடியவில்லை, அடமானத்தில் இருந்த நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. என் வரைவில் நான் இதைச் செல்வச் செழிப்பின் உச்சம் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அது கொடுத்த பணம் திரும்பி வராமல் வயலாக முடங்கிய காலம். மலரில் விடுபட்டிருந்த 'கீழ்', '13', '1938' ஆகிய மூன்றும் சேர்ந்து என் கட்டுரையின் வாதத்தையே தலைகீழாக்கின.

அதன்பிறகு கையில் இருந்த ஒவ்வொரு நூலையும், இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டே மறுபடி படித்தேன். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் நூலில் நகரத்தார் பற்றி நீண்ட பதிவு உண்டு. அவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் என்பதால், நகரத்தாரை ஆட்சியாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று காட்ட அதை வைத்துக்கொண்டு, பர்மாவின் கடன் கணக்குக்கு அதைத் தொடவில்லை. 1929–30இல் நடந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை தகவல் சுரங்கம். ஆனால் அதில் தொழிலைப் பற்றிச் சொன்னவர்களுள் தொழில் செய்தவர்களே முக்கியமானவர்கள். அரசாங்கத்தின் முன் நின்று தன் வட்டி விகிதத்தைக் கூட்டிச் சொல்பவர் யார்? டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வு நூல் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைத்தது. நான் அதில் அதிகம் படித்தது உரையைவிட அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும்தான்.

சமூக இதழ்களின் பழைய பிரதிகளுக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து மிதிவண்டித் தொலைவில் இருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்கச் செய்தது. பக்கத்து ஊரில் இருந்த தாளைப் படிக்க விடியற்காலையில் பல்லவன் விரைவு வண்டி ஏறி எழும்பூர் போய் இறங்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அது அங்கே போயிருக்காவிட்டால் கரையானுக்குத்தான் போயிருக்கும். வேண்டிய இதழ்களை வீட்டிலேயே இணைய அட்டவணையில் தேடிக் குறித்துக்கொண்டு போனதால் இரண்டு நாளில் வேலை முடிந்தது.

கடைசி ஆதாரம் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. என் அலைச்சலைக் கேள்விப்பட்ட ஆச்சி, இரண்டாம் கட்டு அறையிலிருந்து தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பட்டாலையில் வைத்தார்கள். "பாத்துப் பிரி அப்பு, மடிப்புல கிழிஞ்சுபோகும்" என்றார்கள். பர்மாவின் பெகு நகரில் இருந்த அவர்கள் வீட்டு வட்டிக் கடையிலிருந்து, அதை நடத்திய மேலாள் எழுதிய கடிதம். பிள்ளையார் சுழி, சிவமயம், பிரமோதூத வருஷம் பங்குனி மாதம் என்று தொடங்கி, நெல் விலை இறங்கிவிட்டதால் வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை, பூமியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று நான்காவது வரியில் எழுதியிருந்தது. அட்டவணையின் சதவீதத்துக்குப் பின்னால் இருந்த மனிதரின் கையெழுத்து என்று எனக்குக் கை நடுங்கியது.

அந்த அவசரத்தில் பிரமோதூத 1930 என்று குறித்துவிட்டேன். அந்த ஆண்டு 1930 சித்திரையில் பிறந்ததால், அதன் பங்குனி 1931 மார்ச்சிலும் ஏப்ரலிலும் விழும் என்பதை வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதால், இது 1871ஆக இருக்காது என்பதற்கும் சான்று வேண்டும் என்றார் நெறியாளர். மறுபடி ஆச்சி வீட்டுக்கு ஓடினேன். உறையில் ஒட்டியிருந்த தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தது. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. ஐயம் தீர்ந்தது.

வட்டி விகிதம் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும், ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் கிடைக்காததால், நானே அடித்துவிட்டேன். வட்டமிட்ட வரி இறுதிக் கட்டுரையில் நான்கு வரியாகி, கீழே மூன்று அடிக்குறிப்புகளோடு நின்றது. கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆச்சி அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "அந்தப் பூமியெல்லாம் என்னாச்சுன்னும் எழுதுனியா?" என்று கேட்டார்கள். என் கட்டுரை 1938இலேயே முடிந்துவிடுகிறது என்று சொன்னேன்.