பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது?

நாகப்பட்டினத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சின்னக் கடை என்னுடையது. பான் கார்டு, சாதிச் சான்று, பாஸ்போர்ட் என்று எதற்கு வந்தாலும் முதலில் கேட்பது பெயரைத்தான். அதிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா, மேற்கே சிக்கல் சிங்காரவேலர். மூன்றும் என் கீபோர்டில் வந்துபோகாத நாள் இல்லை. நாகூரான் என்று பெயர் சொல்கிறவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். வேளாங்கண்ணி என்ற அக்கா மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். பிள்ளை தங்காமல் தவித்த வீட்டில் யாரோ சொல்லி, எங்கோ போய் வேண்டிக்கொண்டு, பிறந்ததும் வேண்டிய சாமியின் பேரையே வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். கடையில் புதிதாகச் சேர்ந்த வெளியூர்ப் பையன், நாகூரான் என்று பார்த்ததும் கேட்காமலே மதக் கட்டத்தில் முஸ்லிம் என்று தட்டிவிட்டான். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

பிச்சையம்மாள் விஷயம்தான் எனக்கு மறக்கவில்லை. பெயரை மாற்றி அரசிதழில் போட வேண்டும் என்று ஒரு பெண் வந்தார், சென்னையில் வேலை, ஆபீசில் கூப்பிடும்போதெல்லாம் கூசுகிறதாம். கூட வந்த அம்மாவுக்கு மனசே இல்லை. முன்னால் பிறந்த இரண்டும் போய்விட, இவரை முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, எமன் கூட வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் அந்தப் பெயராம். "இந்தப் பேருதான் தம்பி இவளை உசுரோட வச்சிருக்கு" என்றார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பெயரைத் தினமும் சுமக்கிறவர் மகள், முடிவும் அவருடையதுதான். விண்ணப்பத்தைப் போட்டேன். அம்மா இன்னமும் பிச்சை என்றுதான் கூப்பிடுவார், அதை எந்த அரசிதழ் தடுக்கும்?

அப்புறம் இந்தக் குடும்பப் பெயர்க் கட்டம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் வந்த நமக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் விடமாட்டோம் என்று அமீரகம் சொன்னதும் கடையில் ஒரே கூட்டம். அப்பா பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டு அனுப்பினோம். இப்போது அங்கே போகிறவர்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம், சிலருக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லையாம்.

அப்பா விட்டுப்போன பையன் ஒருவன் வந்தான். அந்தக் கட்டத்தில் அம்மா பெயரைப் போடுங்கள் என்றான், ஆதாரிலும் ஏற்கெனவே அப்படியே மாற்றி வைத்திருந்தான். "ஏர்போர்ட்ல உன்னை அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கடா" என்றேன். "கூப்பிடட்டும்ணே, அதுக்குத்தான் போடச் சொல்றேன்" என்றான். பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். அப்பா பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினேன்.