சார்ஜர் பெட்டி வாங்கும் முன் எர்த் குழியைப் பாருங்கள்

மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு பன்னிரண்டரை மணிக்கு அத்தை வந்து கதவைத் தட்டினார். "ஏம்மா, வெளியில ஏதோ கருகுற வாசனை வருது, எந்திரிச்சுப் பாரு." போர்டிகோவில் கார் சார்ஜில் நின்றது. சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஒரு துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் குழைந்து போயிருந்தது. மெயினை அணைத்த பிறகுதான் பிளக்கை உருவினோம். வேறு சேதம் எதுவும் இல்லை. அன்றைக்கு அத்தைக்குத் தூக்கம் வராமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலை நேர் எதிரே தெரியும். தருமபுரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பெட்ரோல் செலவு தாங்காமல்தான் பழைய டாடா டியாகோ இ.வி. எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கினோம். 24 கிலோவாட் மணி பேட்டரி, கூடவே 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் கேபிள். ஆறு வாரம் அந்தக் கேபிளில்தான் சார்ஜ் ஏற்றினோம். எங்கள் தெருவில் நாலைந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்ஸும் என்று நம் மாவட்டத்திலேயே செய்கிறார்களே. எல்லாம் ஜன்னல் வழியாக இழுத்த ஒயரில் ஏறுகின்றன, ஒன்றும் ஆவதில்லை. காருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

அப்படி இல்லை. ஸ்கூட்டரின் வீட்டு சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாக இழுக்கும். இந்தக் கார் இழுப்பது 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல். கீசரும் நிறைய இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவோம். கார் விடாமல் நாலு மணி நேரம் இழுக்கிறது, பேட்டரி காலி என்றால் எட்டு மணி நேரம். சாக்கெட்டில் ஒரு திருகு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தது என்று வையுங்கள். 14 பெருக்கல் 14 பெருக்கல் 0.1, கிட்டத்தட்ட 20 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகி விடிய விடிய விட்டதற்குச் சமம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போடும் கணக்குதான் இது. அதை என் வீட்டுச் சுவரில் ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்கவில்லையே என்று அன்று இரவு முழுக்க மனசு கேட்கவில்லை.

மறுநாளே சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி தேட ஆரம்பித்தோம். போனில் பேசிய விற்பனையாளர் ஒருவர், "7.4 கிலோவாட் எடுங்க மேடம், பாதி நேரத்துல ஏறிடும்" என்றார். என் காருக்கு அது உண்மை இல்லை. சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று சொல்கிறோமே தவிர, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டியின் வேலை, இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள் என்று காருக்குச் சொல்வதும், தப்பு நடந்தால் துண்டிப்பதும்தான். டியாகோவில் 3.3, 7.2 என்று இரண்டு வகை ஆன்போர்டு சார்ஜரோடு கார்கள் வந்தன. என்னுடையது 3.3. சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் அது 3.3-க்கு மேல் எடுக்காது. அதுவே எனக்குப் போதும். ஒரு நாள் ஓட்டத்துக்கு மீட்டரில் 12 யூனிட் ஆகிறது. இரவு 11 மணிக்குப் போட்டால் மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிடும். சாயந்திரம் எங்கள் தெருவில் வோல்டேஜ் 190-க்கு இறங்கும், 11 மணிக்கு மேல் சரியாகிவிடும். அந்த நேரம்தான் தோது.

ஆனாலும் கடைசியில் வாங்கியது 7.4 பெட்டிதான். வேகத்துக்காக இல்லை. உள்ளே ஒரு சின்ன சுவிட்சால் 16 ஆம்பியரில் நிறுத்தி வைக்கலாம், நாளைக்கு வேறு கார் வந்தால் 32-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அதில் பிளக்கே கிடையாது. ஒயர் நேராக உள்ளே போய்த் திருகில் முடிகிறது, எங்கள் வீட்டில் கருகியது பிளக் இருந்த இடம் அல்லவா? இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். 6 மில்லியாம்பியர் டிசி கசிவு வந்தாலே துண்டிக்கும் ஏற்பாடு பெட்டிக்குள் இருக்க வேண்டும். வீடுகளில் சாதாரணமாக மாட்டியிருக்கும் ஏசி வகை ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), காரிலிருந்து டிசி கசிந்தால் மரத்துப்போய், ஆள் ஷாக் அடித்துத் துடித்தாலும் துண்டிக்காமல் இருந்துவிடலாம். அதனால் போர்டிலும் ஏசி வகைக்குப் பதில் ஏ வகை ஆர்.சி.சி.பி. மாட்டினோம், 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிப்பது. ஆப் இருந்தால்தான் வேலை செய்யும் என்ற பெட்டிகளைத் தள்ளிவிட்டோம், எங்கள் போர்டிகோவில் சிக்னலே நிற்காது. அத்தையே கன்னை (காரில் செருகும் கேபிள் முனையை) எடுத்துச் செருக முடிய வேண்டும் என்பது என் கணக்கு. பழைய கேபிள் டிக்கியில் கிடக்கிறது, எங்கேயாவது உறவினர் வீட்டில் தங்கினால் உதவும்.

ஈ.பி. வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, தனி மீட்டர் வேண்டியதில்லை. ஆனால் எங்கள் இணைப்பு சிங்கிள் ஃபேஸ், ஈ.பி. அனுமதித்த லோடு 3 கிலோவாட். கார் ஒன்றே அதைத் தின்றுவிடும். விண்ணப்பம் போட்டு த்ரீ ஃபேஸுக்கு மாற்றி, லோடையும் ஏற்றினோம். மீட்டர் போர்டிலிருந்து போர்டிகோ வரை 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர். இப்போதைக்கு 4 போதும், ஆனால் நாளைக்கு இன்னொரு முறை சுவரை உடைக்க எனக்குப் பொறுமை இல்லை.

பெட்டி வந்தது, மாட்டினோம், கன்னைச் செருகினோம். சிவப்பு விளக்கு. எர்த் கோளாறு, அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு சரியில்லை.

மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் இடையே வைத்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 38 வோல்ட். மாட்ட வந்தவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒண்ணும் இல்லீங்க, உள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயர் போட்டுச் சேத்துட்டா பச்சை எரிஞ்சிடும். நிறைய வீட்ல அப்படித்தான் ஓடுது." அந்த வேலைக்கென்றே குட்டி அடாப்டரும் கடையில் விற்கிறார்களாம்.

இதைப் படிக்கிற யாரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன், இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பச்சை விளக்கு எரியும் என்பது உண்மைதான். ஆனால் என்றைக்காவது கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் அறுந்தால், அந்தச் சின்ன ஒயர் வழியாக 230 வோல்ட் நேராகக் காரின் உடம்புக்கு வரும். காலையில் ஈரக் காலோடு வந்து கதவைத் திறக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெட்டி சிவப்பு காட்டியது கோளாறு இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. மாட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் தெருவிலேயே இருக்கும் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் பழைய எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார். பைப்பு இரண்டரை அடிதான் போயிருந்தது. வீடு கட்டியபோது அதற்குக் கீழே பாறை தட்டியதும் அப்படியே அறுத்து மூடியிருக்கிறார்கள். "இந்த ஊர்ல பாதி வீடு இப்படித்தான்மா. மேல மண்ணு, கீழ கல்லு. கோடையில மண்ணு காஞ்சா எர்த்தே இல்லைன்னு வெச்சிக்க" என்றார் அண்ணன். கிரானைட் வெட்டுகிற மாவட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். ஆற்றங்கரை ஊர்க்காரர் சொல்கிற, குழி தோண்டிக் கரியும் உப்பும் போடு என்ற யோசனை இங்கே அப்படியே செல்லாது. குழியே இறங்காதே!

கடைசியில் கல் துளைக்கிற கம்ப்ரசரை வரவழைத்தோம். பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகில், ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி இரண்டு துளைகள். இரண்டிலும் செம்பு பூசிய கம்பியை இறக்கிச் சுற்றிலும் பெண்டோனைட் மாவைக் கரைத்து ஊற்றினார். அந்தக் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உப்பு மாதிரி மழையில் கரைந்து போகாது. இரண்டு கம்பிகளையும் இணைத்து ஒரே எர்த்தாக உள்ளே கொண்டு வந்தார். அன்று மாலை எர்த் டெஸ்டரில் 3.8 ஓம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.4 வோல்ட். கன்னைச் செருகினேன், பச்சை. இதற்கு ஆன செலவு பெட்டியின் விலையில் பாதிக்கு மேல். எனக்கு அதில் வருத்தமே இல்லை. இத்தனை வருஷம் வாஷிங் மெஷினையும் கீசரையும் அந்த இரண்டரை அடி பைப்பை நம்பித்தானே ஓட்டியிருக்கிறோம்?

கரண்ட் பில் பற்றிப் பள்ளியில் எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் அளவில் வரும். இப்போது 790-ஐ ஒட்டி வருகிறது, பில் 4,750 ரூபாய் சொச்சம். 500 யூனிட்டைத் தாண்டியதும் கை கடிக்கிறது. 2024 ஜூலை கட்டணப்படி 501-லிருந்து யூனிட் 8 ரூபாய் 55 காசு, 601-லிருந்து 9 ரூபாய் 65 காசு. அப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல்தான் ஆகிறது. பழைய காரில் இதே தூரத்துக்கு இரண்டு மாதத்தில் இருபதாயிரத்துக்கு மேல் பெட்ரோல் போட்டோம்.

சித்திரை வெயிலில் மறுபடி அளந்தேன், எர்த் 4.6 ஓம். ஐந்துக்குள் இருந்தால் சரி என்கிறார் அண்ணன். குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொன்னார். யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை இரண்டு குழிகளுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டார். அரிசி களைந்த தண்ணீர் தினமும் அங்கேதான் போகிறது.

எங்கள் பள்ளியில் வேதியியல் நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் வின்ட்சர் எலெக்ட்ரிக் கார் புக் செய்திருக்கிறார், வீடு காவேரிப்பட்டினத்தில். "அக்கா, எந்த பாக்ஸ் வாங்கலாம், பேர் சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறார். இன்னும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வீட்டுக்கு வருகிறேன், மீட்டர் போர்டையும் எர்த் குழியையும் திறந்து வை என்று சொல்லியிருக்கிறேன்.